ரப்பர் கருகும் வாடை: எலக்ட்ரிக் காரில் எங்கே தேடுவது?

எலக்ட்ரிக் காரில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர்கள் எல்லாரும் பேட்டரி என்றுதான் சொல்வார்கள். ஆவடியில் இருக்கும் மச்சினன், "மாமா, ராத்திரி வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தாதீங்க" என்று போனில் பதறினான். சர்வீஸ் சென்டரில் போனை எடுத்த பையனோ, என்ன வாடை, எப்போது வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், டோ வண்டி அனுப்பட்டுமா என்றான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் ரீவைண்டிங் பார்த்து ஓய்வு பெற்றவன். வார்னிஷ் கருகும் வாடை வேறு, பிவிசி ஒயர் உருகும் வாடை வேறு. லித்தியம் செல் கெட்டுப்போய் வாயு விட்டால் தின்னர் மாதிரி ஒரு இனிப்பு வாடை வரும். அந்த வாடையோடு புகையோ, உஸ்ஸென்ற சத்தமோ, திரையில் எச்சரிக்கையோ வந்தால் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி, எல்லாரும் இறங்கித் தள்ளிப் போய், தீயணைப்புக்குப் போன் போடுங்கள். எனக்கு வந்தது போகியன்று தெருமுனையில் டயர் கொளுத்துவார்களே, அந்த வாடை. கூடவே ஒரு உலோகக் காரல்.

ரப்பர் வாடைக்குப் பெட்ரோல் வண்டியில் வழக்கமாக மாட்டுகிற குற்றவாளிகள் பாதிப்பேர் இங்கே கிடையாது. ஃபேன் பெல்ட் இல்லை, கிளட்ச் இல்லை, பிளாஸ்டிக் பை ஒட்டி உருகுவதற்குச் சைலன்சர் குழாய் இல்லை. மிச்சம் இருப்பவை டயர், பிரேக், சார்ஜிங் பிளக், ஏசி ப்ளோயர், எலி கடித்த ஒயர். சென்னையில் இன்னொன்றும் உண்டு: முன்னால் போகிற லாரி. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது வரும் கிளட்ச் வாடைக்கெல்லாம் நம் வண்டியைச் சந்தேகப்படக் கூடாது.

பிளக்கை முதலில் பார்த்தேன். வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டில் ராத்திரி முழுக்க 3.3 கிலோவாட் இழுத்தால், உள்ளே பிடிமானம் தளர்ந்த சாக்கெட் கண்டிப்பாகச் சூடாகும், பழுப்பேறும். சார்ஜ் ஏறிக் கொண்டிருக்கும்போதே தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். பின்கள் பளிச்சென்று இருந்தன. ஏசியை நிறுத்தினாலும் வாடை வந்தது. வெளிக்காற்றை அடைத்து உள்காற்றைச் சுற்ற விட்டால் குறைந்தது. அப்படியானால் சமாச்சாரம் நாம் உட்காரும் பகுதிக்கு வெளியே.

துப்பு கொடுத்தது என் மனைவி. "ஃபுல் சார்ஜ் போட்டுக் கிளம்புற அன்னிக்குத்தாங்க இந்த நாத்தம் வருது" என்றாள். பேட்டரி மேல் பழி விழ இது ஒன்றே போதும், இல்லையா? யோசித்துப் பார்த்தால் கதை நேர் எதிர். ரீஜென் என்பது வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்பி, வண்டியையும் இழுத்துப் பிடிக்கிற ஏற்பாடு. பேட்டரி நிரம்பியிருக்கும்போது அது சரியாக வேலை செய்யாது. திருப்பி அனுப்பும் மின்சாரத்தைப் போட்டு வைக்க இடம் இல்லை. மற்ற நாட்களில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வண்டி நிற்கிற அளவுக்கு வந்துவிடும். ஃபுல் சார்ஜ் அன்று திருவான்மியூர் சிக்னல் வரைக்குமே பிரேக்கை மிதித்துக் கொண்டுதான் போக வேண்டும். ஆக, பிரேக்கை மிதிக்கிற அன்றுதான் வாடை.

அடுத்த முறை வாடை வந்ததும் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டு போனேன். தொடவில்லை, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் சூட்டில் தோல் உரிந்துவிடும். மூன்று சக்கரங்களில் லேசான சூடு. முன் இடது சக்கரத்தில் கை நிற்கவில்லை. அதன் ரிம்மில் மட்டும் கருப்புத் தூள் அப்பியிருந்தது. டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று மட்கார்டு லைனரிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். தடம் எதுவும் இல்லை.

எங்கள் வீடு கடற்கரையில் இருந்து நடக்கிற தூரம். மொட்டை மாடி கிரில்லே வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் கேட்கும். பிரேக்கை அதிகம் மிதிக்காத வண்டி உப்புக் காற்றில் நின்றால், பிரேக் பேடை டிஸ்க் மேல் அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நகர்வதற்கென்று இருக்கும் ஸ்லைடு பின் துருவேறி இறுகிவிடும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. பேட் டிஸ்கை உரசிக் கொண்டே ஓடும். அந்தச் சூட்டில் பேடும் பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட்டும் கருகும். கொஞ்ச நாளாகவே ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறைந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

அடையாறில் தெரிந்த பிரேக் மெக்கானிக்கிடம் போனால், "பேட்டரி வண்டியா? கரண்ட் அடிச்சா யார் சார் பொறுப்பு?" என்றார். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு ஒயர் தவிர மற்றதெல்லாம் நீங்கள் தினமும் கழற்றுகிற சாமான்தான் என்று காட்டினேன். ஜாக்கியை மட்டும் கம்பெனி குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். வண்டியின் அடித்தளம் முழுக்கப் பேட்டரி. ஜாக்கி அதில் குத்தினால், இல்லாத பிரச்சினை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

சக்கரத்தைக் கையால் சுற்றினால் கால் சுற்றுகூட ஓடவில்லை. காலிப்பரைக் கழற்றியதும் கீழ்ப் பின் வெளியே வர மறுத்தது. சுத்தியலால் தட்டி, ஆயில் விட்டு, திருகித் திருகி இழுத்தார். பாதி நீளத்துக்குச் செந்துரு; பூட்டின் விளிம்பு வெடித்திருந்தது. உள்பக்க பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் தகடாகவும் தேய்ந்திருந்தது.

"நீங்க சொன்னது சரிதான் சார், பின்னுதான் ஜாம்" என்றார். ஸ்லைடு பின், பூட், இரண்டு பக்கமும் பேட் மாற்றினோம். அவர் சாதா கிரீஸ் டப்பாவைத் திறந்தபோது தடுத்துவிட்டேன். அது பட்டால் பூட் ரப்பர் ஊதிப்போய் மறுபடியும் பின் இறுகும். பிரேக்குக்கென்று இருக்கும் சிலிகான் கிரீஸைக் கடையில் வாங்கிவரச் சொன்னேன். முணுமுணுத்துக் கொண்டே பையனை அனுப்பினார்.

இப்போது ஈசிஆரில் விடிகாலையில் பின்னால் யாரும் வராதபோது, ரீஜெனைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு நாலைந்து முறை பிரேக்கை நன்றாக மிதிக்கிறேன், டிஸ்க்கில் படிந்த துரு போவதற்காக. வருஷத்துக்கு ஒருமுறை பின்னைக் கழற்றி கிரீஸ் வைக்க அதே மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மச்சினன் மட்டும் இன்னும் வண்டியைத் தள்ளித்தான் நிறுத்தச் சொல்கிறான்.