ஒரு செலோ வாத்தியாரின் ஊர்: லைப்சிக்

ஜெர்மனியில் லைப்சிக் போகிறவர்கள் இசையமைப்பாளர் பாக்கின் சமாதியைப் பார்க்க முதலில் தோமஸ் தேவாலயத்துக்குப் போவார்கள். போகவும் வேண்டும், நானும் போனேன். ஆனால் நான் அந்த ஊருக்கு டிக்கெட் போட்டது யூலியுஸ் கிளெங்கல் என்ற செலோ (வயலின் குடும்பத்தில் பெரிய வாத்தியம், உட்கார்ந்து வாசிப்பது) கலைஞருக்காக. 1859இல் லைப்சிக்கில் பிறந்து 1933இல் லைப்சிக்கிலேயே இறந்தவர். கச்சேரிக்காக ஐரோப்பாவில் பல ஊர்களுக்குப் போனாலும் அவருக்கு வேலையும் வாழ்க்கையும் இந்த ஓர் ஊர்தான். இசைப் பதிவுகளில் அவர் பெயரைவிட அவருடைய மாணவர்களின் பெயரைத்தான் அதிகம் பார்க்கிறோம், அந்த மாணவர்கள் வழியாகத்தான் நானும் அவரிடம் வந்து சேர்ந்தேன்.

பெர்லினிலிருந்து வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். 1915இல் திறந்த அந்த ரயில் நிலையமே ஒரு அரண்மனை மாதிரி இருக்கிறது. அங்கிருந்து பழைய நகரத்துக்குள் நடந்தே போய்விடலாம். துணி வியாபாரிகளின் கூடமாக இருந்த பழைய கெவாண்ட்ஹவுஸில் 1781 முதல் கச்சேரிகள் நடந்தன. அந்த இடத்தில் இப்போது வேறொரு பெரிய வணிகக் கட்டடம் நிற்கிறது. 1874இல், பதினைந்தே வயதில், கிளெங்கல் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவில் சேர்ந்தது அங்கேதான். இசையமைப்பாளர் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) 1879 புத்தாண்டு அன்று அதே கூடத்தில், பிராம்ஸே நடத்த, வயலின் கலைஞர் யோவாகிம் வாசிக்க, முதன்முதலாக அரங்கேறியது என்று நினைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நின்றால் கால் நகர மாட்டேன் என்கிறது.

22 வயதில், 1881இல், அவர் அந்தக் குழுவின் முதல் செலோ கலைஞர், அதாவது செலோ வரிசையின் தலைவர், ஆனார். அதே வருடம் இசைப்பள்ளியில் ஆசிரியர் பதவி. முதல் நாற்காலியில் 1924 வரை இருந்தார். ரைனெக்கே, நிகிஷ், ஃபுர்ட்வெங்லர் என்று மூன்று தலைமுறை இசைக்குழு நடத்துநர்கள் வந்தார்கள், செலோ வரிசையின் தலைமாட்டில் அதே ஆள். குழுவில் கிளெங்கலின் ஐம்பதாம் ஆண்டு விழாக் கச்சேரியை ஃபுர்ட்வெங்லர் நடத்தினார்.

அப்புறம் இசைக் குடியிருப்பு என்று அழைக்கப்படும் பகுதிக்கு நடந்தேன், நகர மையத்துக்குத் தென்மேற்கே. இரண்டாவது கெவாண்ட்ஹவுஸ் அரங்கம் 1884இல் பேத்தோவன் தெருவில் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்து, மிச்சத்தையும் 1968இல் இடித்துவிட்டார்கள். கிளெங்கல் நாற்பது ஆண்டுகள் வாசித்த அரங்கம் இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகக் கட்டடம், வாசலில் மாணவர்களின் சைக்கிள்கள். எனக்கு அது வலிக்கத்தான் செய்தது. இசையமைப்பாளர் மெண்டல்சோனின் சிலை ஒன்றும் அந்த அரங்கத்தின் முன்னால் இருந்தது. அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக நாஜி ஆட்சியில் 1936இல் அதை அகற்றினார்கள். மறுபடி வார்த்த சிலை இன்று தோமஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் அங்கிருந்து சில நிமிட நடையில், கிராசி தெரு 8ஆம் எண்ணில், இசைப்பள்ளி அப்படியே இருக்கிறது! மெண்டல்சோன் 1843இல் தொடங்கிய பள்ளி, 1887 முதல் இந்தக் கட்டடத்தில். ஒத்திகை முடிந்ததும் தெருவைக் கடந்து வகுப்புக்கு வந்துவிடலாம். தினமும் மேடையில் உட்காரும் ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது வேறு தரம், கிளெங்கலின் பலமே அதுதான் என்று நினைக்கிறேன்.

மாணவர்களைப் பாருங்கள். போர்ச்சுகலிலிருந்து ராணியின் உதவித்தொகையோடு வந்த கில்யெர்மினா சுஜியா, பெண்கள் செலோ வாசிப்பதையே விநோதமாகப் பார்த்த காலத்தில் தனிக்கச்சேரிக் கலைஞராக நின்று காட்டியவர். இமானுவேல் ஃபாயர்மானுக்கு 16 வயதிலேயே கொலோன் இசைப்பள்ளியில் ஆசிரியர் பணி கிடைத்தது, சிபாரிசு செய்தவர் கிளெங்கல். புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து எல்லை தாண்டித் தப்பித்து வந்த பியாட்டிகோர்ஸ்கியும் கொஞ்ச காலம் இவரிடம் படித்தார். ஜப்பானிலிருந்து வந்த ஹிதெயோ சைதோ ஊர் திரும்பி இசைக்குழு நடத்துநர் செய்ஜி ஓசாவாவுக்கு ஆசிரியரானார். லண்டன் சிறுவன் வில்லியம் பிளீத் பிற்பாடு செலோ கலைஞர் ஜாக்குலின் டு பிரேயை உருவாக்கினார். ஃபாயர்மானின் வாசிப்பு கத்தி முனை போலச் சுத்தம், பியாட்டிகோர்ஸ்கியிடம் அகலமும் நாடகமும் அதிகம். ஒரே வாத்தியார்தானா என்று சந்தேகமே வரும். தன் பாணியை அச்சடித்துக் கொடுக்காமல், கையையும் வில்லையும் பழக்கிவிட்டு, மற்றதை மாணவரிடமே விட்டவர் என்றுதான் எனக்குப் படுகிறது. கட்டைவிரலையே தந்தியில் ஊன்றி உயர் ஸ்தாயியில் வாசிக்கிற பயிற்சிகளை அவர் எழுதிவைத்திருக்கிறார், செலோ படிக்கிறவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகர் 1915இல் தனிச் செலோவுக்கு எழுதிய மூன்று ஸ்வீட்களில் (suite, பல சிறு பகுதிகள் சேர்ந்த இசைத் தொகுப்பு) முதலாவதை கிளெங்கலுக்கும் மூன்றாவதை அவருடைய மாணவர் பவுல் குருமருக்கும் சமர்ப்பித்தார்.

மாலையில் அகஸ்டஸ் சதுக்கத்தில், 1981இல் திறந்த இன்றைய கெவாண்ட்ஹவுஸில் கச்சேரி கேட்டேன். என் கண் முழுக்கச் செலோ வரிசையின் முதல் நாற்காலி மேல்தான். போக நினைக்கிறவர்கள் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

போகும் முன் கிளெங்கலின் ‘ஹிம்னுஸ்’ என்ற படைப்பைக் கேளுங்கள். 1920இல் நிகிஷின் 65ஆம் பிறந்தநாளுக்காக, பன்னிரண்டு செலோக்கள் மட்டுமே வாசிக்க எழுதியது. 1922இல் நிகிஷின் இறுதிச் சடங்கிலும் அதையே வாசித்தார்கள். 1972இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் பன்னிரண்டு செலோ கலைஞர்கள் முதன்முறை தனிக்குழுவாகச் சேர்ந்ததும் இதற்காகத்தான், சால்ஸ்பர்க்கில் ஒரு வானொலிப் பதிவுக்கு. சில நிமிடங்கள்தான் ஓடும். செலோ கேட்டுப் பழக்கமில்லாதவர்களும் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம், அடுத்து ஃபாயர்மான், பிறகு பியாட்டிகோர்ஸ்கி, அந்த வரிசையில்.