திம்பத்தில் கொதித்த தண்ணீர்

அப்பா 1998-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர் வண்டி. அப்பா போன பிறகு விலைக்குக் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள். கொடுக்க மனம் வரவில்லை.

போன வருஷம் சித்திரையில், பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தாளவாடிக்குக் கிளம்பினோம். திம்பம் ஏற்றத்தில் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு கரும்பு லாரி, அதன் பின்னாலேயே முதல் கியரில் நாங்கள். பதினொன்றாவது வளைவில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானட் இடுக்கில் ஆவி.

ஓரம் கட்டி இறங்கினேன். பின்னால் வந்த வேன் டிரைவர் ஓடி வந்து, "தம்பி, மூடியத் தொட்டுறாதீங்க, மூஞ்சி வெந்துரும்" என்றார். அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். முக்கால் மணி நேரம் காத்திருந்து, எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ராடியேட்டரின் மூடியைத் துணி சுற்றிக் கால் திருகு திருகி, சீற்றம் அடங்கிய பிறகே திறந்தோம். குடிக்க வைத்திருந்த தண்ணீரை எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். எஞ்சினின் மேல்பகுதியான, கொதிக்கும் அலுமினிய ஹெட்டில் ஒரேயடியாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிவிடும், விரிசல்கூட விடலாம்.

மறுநாள் சத்தியமங்கலத்தில் ராடியேட்டர் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் ராடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது ரப்பர் குழாயை, கழற்றி என் முன்னால் நீட்டினார். வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. பாட்டி வீட்டு வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் அப்படியே கண்முன் வந்தது. விரலால் சுரண்டினால் உதிர்கிறது, அடியில் துருச் சேறு. "ஏனுங்க, இத்தன வருசமா போர்த் தண்ணியா ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

ஆமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு சொம்புத் தண்ணீரோடு வண்டிக்கு முன்னால் நிற்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டியை அவ்வளவு நேசித்தவர். ஆனால் ராடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் என்ற திரவம் பனி கொட்டும் ஊருக்கு, நம் ஊருக்குத் தண்ணீரே போதும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இன்றும் பலர் அதையே சொல்வதால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் உறையாமல் பார்ப்பது கூலன்டின் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது மற்ற இரண்டு. ஒன்று, துருவும் உப்பும் பிடிக்காமல் காப்பது. இன்னொன்று, கொதிநிலையை ஏற்றுவது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 97 டிகிரிக்கே கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து, 0.9 என்று அழுத்த அளவு குத்தியிருக்கும் ராடியேட்டர் மூடி சரியாகப் பிடித்தால், 120 டிகிரி தாண்டியும் கொதிக்காது. அந்த மூடியை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது, அழுத்தமே நிற்கவில்லை.

எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ராடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டும் இல்லை! எப்போதோ ஒரு பட்டறையில் "வண்டி கூலா ஓடும்" என்று கழற்றியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அது இல்லாவிட்டால் காலைக் குளிரில் எஞ்சின் சூடேறாமலே ஓடும், பெட்ரோலைக் குடிக்கும். அடைத்த ராடியேட்டரும் அதனால் திறந்துவிடாது. 82 டிகிரியில் திறக்கும் புதுசு ஒன்றைப் போட்டோம். ராடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார் அண்ணன். ஹோஸ்களும் மாற்றியாயிற்று.

அப்புறம் எந்தக் கூலன்ட் என்ற கேள்வி. கடைக்காரர் பச்சை, சிவப்பு என்று நிறத்தைச் சொல்லி விற்பார். நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பின்பக்க எழுத்தைத்தான் படிக்க வேண்டும். எங்களுடையது செம்பும் பித்தளையுமான பழைய ராடியேட்டர், ஈயப் பற்று வைத்தது. அதற்கு சிலிகேட் சேர்ந்த பழைய வகையையே எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பரவாயில்லை. ஐந்து வருஷம் வருகிற ஆர்கானிக் வகை புது அலுமினிய ராடியேட்டர்களுக்கு நல்லது. இரண்டையும் கலக்கவே கூடாது, கூழாகி அடைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கினால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். கெட்டியாக ஊற்றினால் இன்னும் குளிரும் என்று நினைக்க வேண்டாம், சூட்டை அதிகம் சுமப்பது தண்ணீர்தான்.

ஊற்றிய பிறகு காற்றை வெளியேற்றுவதில் பொறுமை வேண்டும். மூடி திறந்தபடி, ஹீட்டரை முழுக்க வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை மெல்ல அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழி வந்துகொண்டே இருந்தது. ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகுதான் நின்றது. கீழே சிந்தியதை உடனே கழுவிவிட்டேன். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் மணி எதையும் விடமாட்டான்.

இந்த வருஷம் அதே சித்திரை, அதே மலை. இந்த முறை இரண்டு லாரிகள் முன்னால். முள் பாதியைத் தாண்டவில்லை. பதினொன்றாவது வளைவில், சும்மாதான், நிறுத்திக் கீழே இறங்கி பானட் மேல் கை வைத்துப் பார்த்தேன்.