அம்மாவோட ரிப்போர்ட்டுக்காக காத்திருந்த நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவோட நுரையீரல் கேன்சர் கட்டியில எடுத்த பிடி-எல்1ங்கற புரத டெஸ்ட் ரிப்போர்ட் வந்துடுச்சு, 60%. அண்ணனுக்கு வாட்ஸாப்ல அனுப்புன நிமிஷமே போன், 50க்கு மேல இருந்தா இம்யூனோதெரபி, அதாவது நம்ம எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல ஏவி விடற சிகிச்சை, நல்லா வேலை செய்யுமாம், நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லுன்னு ஒரே அவசரம், எனக்கும் மனசு அப்படியேதான் பறந்துச்சு. அம்மா "அறுபதுன்னா நல்லதா கெட்டதாடி?"ன்னு மட்டும் கேட்டாங்க.

மார்ச் 5, புதன்

டாக்டர் ஒத்துக்கல. "ஈஜிஎஃப்ஆர் ஜீன்ல மாற்றம் இருக்கான்னு ரிப்போர்ட் வராம அந்த இம்யூனோதெரபி ட்ரிப்ஸ் ஏத்த மாட்டேம்மா, கொஞ்சம் பொறுங்க"ன்னுட்டாரு. நுரையீரல் கேன்சரை வச்சுக்கிட்டு எப்படிப் பொறுக்கிறது? கோவத்தோடதான் வந்தேன். அம்மா சிகரெட் புகையே படாதவங்க, அந்த மாதிரி ஆளுங்களுக்கு இந்த ஜீன் மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகமாம்.

மார்ச் 6, வியாழன்

தூக்கம் வரல, உக்காந்து படிச்சேன். பிடி-எல்1ங்கறது கேன்சர் செல் மேல இருக்கற புரதம், நோயை எதிர்க்கற நம்ம டி செல் மேல இருக்கற பிடி-1ங்கற புரதத்துல போய் ஒட்டிக்கிட்டு அந்த செல்லை அடங்க வச்சிடும், இம்யூனோதெரபி மருந்து அந்தப் பிடியைத்தான் விடுவிக்குது. பிடி-1ஐ கண்டுபிடிச்சது ஜப்பான்ல ஹோன்ஜோ குழு, 1992ல, அவருக்கு 2018ல நோபல். 60%ன்னா நூறு கேன்சர் செல் எண்ணினா அறுபதுல பிடி-எல்1ஐ காட்டற சாயம் பிடிச்சிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

அண்ணன் சொன்ன அந்த 50, கீநோட்-024 ஆய்வுல வந்தது. 305 பேர். பெம்ப்ரோலிசுமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்துல ஆரம்பிச்சவங்கள்ல 5 வருஷம் கழிச்சு நூத்துக்கு 32 பேர் உயிரோட இருந்தாங்க, கீமோல ஆரம்பிச்சவங்கள்ல 16. படிக்கறப்பவே அழுகை வந்துடுச்சு. ஆனா ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கறவங்களை அந்த ஆய்வுல சேக்கவே இல்ல! அவங்களுக்குன்னு அதே மருந்தை வச்சு தனியா நடந்த ஒரு சின்ன ஆய்வை 11 பேரோட நிறுத்திட்டாங்க, பிடி-எல்1 எல்லாருக்கும் இருந்தும் கேக்கல, ஒரே ஒருத்தருக்கு கட்டி சுருங்குச்சு, திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாத்தா அவருக்கு அந்த மாற்றமே இல்லையாம். டாக்டர் மேல இருந்த கோவம் அங்கயே போயிடுச்சு.

மார்ச் 14, வெள்ளி

வந்துடுச்சு. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கு, எக்ஸான் 19 டெலீஷன், அதாவது அந்த ஜீன்ல ஒரு சின்ன துண்டு விட்டுப்போயிருக்கு. ட்ரிப்ஸ் வேணாம், அந்த மாற்றத்தைக் குறிவைக்கற ஒசிமெர்டினிப் 80 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. ட்ரிப்ஸ் ஏத்திட்டு உடனே இந்த மாத்திரைக்கு மாறியிருந்தா நுரையீரல்ல மோசமான அழற்சி வர்ற ஆபத்து இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அண்ணன்கிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் பேசல, அப்பறம் "நல்லவேளை அவர் நம்ம பேச்சைக் கேக்கல"ன்னான்.

மார்ச் 15, சனி

காலைல இட்லிக்கு அப்பறம் முதல் மாத்திரை. அம்மா காலண்டர்ல இன்னைய தேதிய பேனாவால சுழிச்சு வச்சிருக்காங்க.