மூன்றாவது அயோத்திதாசர்

கடித உறையிலிருந்து ஒரு தபால் முத்திரை ஒருவழியாக முழுசாகக் கழன்று வந்துவிட்டது! ஓரத்துப் பல் ஒன்றுகூட உதிரவில்லை, முதுகில் பசை இல்லை. சாதி ஒழிப்புக்காக எழுதிய பண்டிதர் அயோத்திதாசருக்கு 2005 ஒக்டோபர் 21 அன்று இந்தியா வெளியிட்ட ஐந்து ரூபாய் முத்திரை.

பெரியம்மா கூடலூரிலிருந்து போட்ட கடிதத்தில் வரிசையாக மூன்று ஒட்டியிருந்தார். இலங்கை மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன குடும்பம், அங்கேயும் நீலகிரித் தேயிலைதான். அயோத்திதாசர் வளர்ந்ததும் அதே நீலகிரியில் என்பதால், இந்த உறை எனக்குக் கடையில் வாங்கும் முத்திரையை விடப் பெரிது. அம்மா ஒன்றுதான் சொன்னார்: "உறைய வெட்டிப் போடாதப்பா, அக்கா கையெழுத்து அதுல இருக்கு." முத்திரை இருந்த மூலையை மட்டும் நறுக்கி எடுத்தேன்.

முதல் முத்திரை என் அவசரத்தால் போனது. தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடத்தில் இழுத்தேன், முதுகுத் தாள் உரிந்து நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிட்டது. இரண்டாவது அழகாகக் கழன்றது. ஆனால் ஈரத்தோடு ஒற்றுத்தாளுக்குள் வைத்துப் புத்தகத்தை ஏற்றிவிட்டேன். ஆனி மாதம், ஹட்டனில் விடாத மழை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முத்திரையும் ஒற்றுத்தாளும் ஒன்றாகிவிட்டன.

சிக்கல் முழுக்க அந்த மிச்சப் பசையில்தான். கண்ணுக்குத் தெரியாது. நனைந்த முதுகை விரல் நுனியால் மெல்லத் தடவினால் வெண்டைக்காய் போல வழுக்கும், அதுதான் அடையாளம். மூன்றாவதைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் முகம் மேலாக மிதக்கவிட்டேன். இருபது நிமிடத்தில் உறைத் தாள் தானாக நழுவியது. அப்புறம் புதுத் தண்ணீர், மறுபடி தடவல், இன்னும் வழுக்கல். மூன்றாவது தண்ணீரில்தான் முதுகு வெறும் காகிதமாகச் சொரசொரத்தது. இடுக்கியால் தூக்கி விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன், பளபளப்பு எங்கும் இல்லை.

காய வைப்பது அடுத்த பாடு. அடுப்படிச் சூடு வேண்டாம், புகை ஏறிவிடும். இறுக்கமான மூடியுள்ள பழைய தேயிலை டின்னில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைப் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்து, முகம் கீழாக வைத்து மூடினேன். மேலே பாரம் எதுவும் வைக்கவில்லை. முக்கால்வாசி காய்ந்து வெற்றிலை போலச் சுருளத் தொடங்கிய நேரத்தில் எடுத்து, கிளாசின் என்ற மெல்லிய வழுவழுப்பான தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே அகராதியை ஏற்றினேன். இரண்டு நாளில் தட்டையாகிவிட்டது.

கிளாசின் இங்கே கிடைப்பதில்லை, கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லித்தான் எடுப்பிக்க வேண்டும். இறுக்கமான பிளாஸ்டிக் பொக்கெட்டை மலையில் நான் நம்புவதில்லை. உள்ளே ஈரம் பிடித்துக்கொண்டு ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும்.

முத்திரை அல்பத்தில் பக்கம் எப்படி அமையும் என்பதும் முடிவாகிவிட்டது. அயோத்திதாசருக்குப் பக்கத்தில் இங்கே பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த அமெரிக்கர் ஒல்கொட்டுக்கு நம் நாடு 1967இல் வெளியிட்ட முத்திரை. ஒல்கொட்டின் துணையோடு 1898இல் இங்கே வந்துதான் சுமங்கல தேரரிடம் தீட்சை பெற்றுப் பௌத்தரானார் பண்டிதர். ஊர் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் கொண்டுவந்தார். அதே 1907இல் ஒல்கொட் காலமானார். சாதி ஒழிய வேண்டும் என்று எழுதிய ஒரு தமிழர் தன் வழியைத் தேடிக் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தார் என்பதை நம் பிள்ளைகள் இரண்டு முத்திரையைச் சேர்த்துப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அது முக்கியம்.

கீழ் வரிசையில் பெரியார், 1978இல் வந்த 25 பைசா. அவரும் 1932இல் இலங்கைக்கு வந்தவர். அது இரண்டு வைத்திருக்கிறேன். தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் முத்திரைதான் இன்னும் கைக்கு வரவில்லை. அவருடைய சகோதரியைத்தான் பண்டிதர் மணந்தார், அதனால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். மிச்ச உறையையும் அம்மாவுக்காக அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும், அதற்கு நீளமான பை தைக்கணும். அதற்கு முன் சிலிக்கா ஜெல்லைக் காய வைக்கணும்.