பிஸ்கட் பேணிக்குள் 63 படம்: ஏழு மாதத்தில் எவ்வளவு தேறியது

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. அலுமாரியோடு எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிற்று. ஆகவே எங்கள் குடும்பத்தில் பழைய படம் என்றால் மண்டூரில் பெரியம்மா வைத்திருந்த பிஸ்கட் பேணி ஒன்றுதான். போன மார்கழியில் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிப் போய் அதை வாங்கி வந்தேன்.

"கொண்டு போ மனே, ஆனா பேணியத் திருப்பிக் கொண்டு வந்திரு" என்றா. படங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எண்ணினேன், 63. பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தவை 11. அந்த எழுத்தாலும் பெரிய புண்ணியமில்லை. "சின்னத்தம்பி அண்ணன்" என்று ஒன்றில் இருக்கிறது. சின்னத்தம்பி இல்லாத குடும்பம் இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது? இன்னொன்றில் "அக்காவும் நானும்". எழுதினவ யார் என்று தெரிந்தால்தானே அக்காவைத் தேடலாம்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கூரையைத் தூக்கியபோது பேணிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. நாலு படம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்து இழுக்காமல் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின், ஊறினால் தானாக இளகும். மூன்று நல்லபடி கழன்றன. நாலாவதில் பொறுமை போய்விட்டது, நகத்தால் நெம்பினேன். ஒருத்தரின் முகம் அடுத்த படத்தின் முதுகில் தங்கிவிட்டது. அது என் பிழை, கணக்கில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் கைத்தொலைபேசியால் எடுத்துப் பார்த்தேன், மினுக்கம் அடித்தது. பிறகு கூட்டாளியின் கொமினிகேஷன் கடையில் ஸ்கேனரில் 600 டிபிஐயில் போட்டோம். படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் இலக்கம் மட்டும். பேனை வைத்தால் மை மறுபக்கம் ஊறிவிடும். நிறம் போட்டுத் தரும் செயலி ஒன்றிலும் விட்டுப் பார்த்தேன். அப்பப்பாவின் வெள்ளை வேட்டியை நீலமாக்கித் தந்தது. லண்டனிலிருந்து ஒரு மச்சாள் "அவருக்கு நீலம்தான் விருப்பம்" என்று எழுதினா. அதோடு அந்த வேலையை விட்டேன்.

பெரிய பிழை வட்ஸ்அப் குழுவில் நடந்தது. 17ஆம் படத்தில் கோட்டுப் போட்ட ஒருவர். குழுவில் போட்டு அஞ்சு நிமிடம் ஆகவில்லை, கனடா மச்சான் "பெரிய மாமா" என்றார். அதன்பின் ஓம், ஓம், ஓம், பூப் படம், கும்பிடு. இத்தனை பேர் சொல்கிறார்களே என்று நானும் பெயரை எழுதிவிட்டேன். மூன்று கிழமை கழித்துப் பெரியம்மாவிடம் காட்டினேன்.

"இது ஆரு பெரிய மாமா எண்டது? இது அவர்ர மச்சான். கோட்டு மட்டுந்தான் பெரிய மாமாட."

எல்லாரும் கண்டுபிடித்தது கோட்டை! அன்றிலிருந்து குழுவில் படம் போடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிறேன், முதல் ஆள் சொன்னதை அடுத்த ஆளுக்குச் சொல்வதில்லை. தனித்தனியாகக் கேட்டு மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால்தான் 'நிச்சயம்' என்று எழுதுவேன்.

பெரிய மாமா உண்மையில் இருந்தது 22ஆம் படத்தில். தழும்பு இடப் புருவத்தில் இருக்க வேண்டும், படத்தில் வலப் புருவத்தில் இருக்கிறது என்று அம்மா தள்ளிவிட்டிருந்தா. சட்டைப் பையைப் பார்த்தேன். அதுவும் வலப்பக்கம், பொத்தானும் மாறிக் கிடந்தது. நெகட்டிவ்வைப் புரட்டி வைத்து அச்சடித்திருக்கிறார்கள். கணினியில் இடம் வலம் மாற்றிக் காட்டியதும் அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தா.

இனி அடிகளார் விஷயம். 9ஆம் படத்தில் துறவி ஒருவர் நடுவில், பொடியன்மார் இரண்டு வரிசை, ஓரத்தில் எங்கள் அப்புச்சி. "விபுலானந்த அடிகளாரோட அப்புச்சி நிக்கிற படம்" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். ஸ்கேனைப் பெருப்பித்தபோது மதிலுக்கு வெளியே பஸ் ஒன்றின் பின்பக்கம் தெரிந்தது, இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) முத்திரையோடு. பஸ்களை அரசாங்கம் எடுத்து இ.போ.ச. தொடங்கியது 1958 ஜனவரியில். அடிகளார் காலமானது 1947 ஜூலையில். வேறு ஒரு சுவாமி, அவ்வளவுதான். இதை வீட்டில் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. குஞ்சப்பா இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பஸ்ஸை நான் பார்த்திருக்கக் கூடாதாம்.

காலம் கணிக்க இப்படியான துண்டுகள்தான் உதவின. தபால் முத்திரையில் 'சிலோன்' என்றிருந்தால் 1972க்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. கல்லடிப் பாலம் பின்னால் தெரியும் படங்கள் மூன்று. ஆசையாக எடுத்துப் பார்த்தேன், ஒரு பிரயோசனமும் இல்லை. புதுப் பாலம் வந்தது 2013இல், அதற்கு முன் என் பூட்டன் காலத்திலிருந்து என் காலம் வரை அதே இரும்புதான்.

வேலை நகரத் தொடங்கியது பங்குனியில். 31ஆம் படத்தில் ஐந்து பெண்கள், பின்னால் ஓட்டு வீடு, பக்கத்தில் கிணறு. பெரியம்மா முகங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினா. பிறகு கிணற்றடியைப் பார்த்து, "இது பெத்தாட தங்கச்சிட வளவெல்லோ" என்றா. அவ்வளவுதான். மறுகா, அந்த வளவில் இருந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். தாய், மூத்த மகள், மகளுக்குக் கட்டிய வீடு, அவளுடைய இரண்டாவது. பத்து நிமிடத்தில் நாலு பேர்.

அதுவரை "இது யார்?" என்று கேட்டு நாலு மாதம் வீணாக்கியிருக்கிறேன். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கு. ஆண்கள் வருவார்கள் போவார்கள், பெண்கள் வளவோடு இருப்பார்கள். ஆகவே வீட்டைப் பிடித்தால் ஒரு தாய்வழியே கையில் வந்துவிடும்.

கடதாசியோ இதற்கு நேரெதிர். பிறப்புச் சான்றிதழில் தகப்பனுடைய தகப்பனின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் கேட்கும் கூடு உண்டு. அம்மம்மாவுக்கு இடமில்லை. தாய்வழி எழுதியிருக்கும் ஒரே கடதாசி சீதன உறுதி, சீதனமாகக் கொடுத்த காணிப் பத்திரம். எங்கள் வீட்டு உறுதியில் கொடுத்த தாய், வாங்கிய மகள் மட்டுமல்ல, வடக்கெல்லை இன்னாருடைய வளவு, கிழக்கெல்லை இன்னாருடையது என்று அயலும் எழுதியிருக்கிறது. 31ஆம் படத்தின் ஐந்தாவது பெண் கிழக்கெல்லைக்காரி. சொந்தமே இல்லை, படம் எடுக்கிறார்கள் என்று வேலி தாண்டி வந்து நின்றிருக்கிறா.

இணையத்தில் மரம் போடும் தளங்களில் இதை ஏற்றுவது வேறு தலையிடி. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், நிரப்பாவிட்டால் விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைப் போட்டால் தகப்பனும் மகனும் இரண்டு குடும்பமாகத் தெரிகிறார்கள். குடியை, அதாவது தாய்வழியாக வரும் குலத்தை, போட்டால் புருஷனும் பெண்சாதியும் ஒரே குடி என்று தளம் தானாக எழுதிவிடுகிறது. நம்மட ஆட்கள் பார்த்தால் அடிக்க வருவார்கள், ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கடைசியில் குடியைக் குறிப்புப் பகுதியில் எழுதுகிறேன். உயிரோடு இருப்பவர்களை ஏற்றுவதில்லை.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் படங்களைப் பெரிதாக அச்சடித்து பிளாஸ்டிக் பைலில் போட்டுக்கொண்டு போனேன். வெளியூரில் இருக்கும் கிழவிகளும் அப்போது ஊருக்கு வந்துவிடுவார்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் படத்தைப் பார்க்கவேயில்லை. முதற் கேள்வி, "நீங்க என்ன குடி, தம்பி?" சொன்னதும் மூன்று தலைமுறையை மடமடவென்று ஒப்புவித்தார். எழுதி முடிக்க முன் பறை மேளம் தொடங்கிவிட்டது. பாதி எழுத்து எனக்கே விளங்கவில்லை, திரும்பவும் போக வேண்டும்.

இன்றைய கணக்கு: நிச்சயம் 29. சந்தேகம் 15. தெரியாது 18. நான் நாசமாக்கியது 1.

தெரியாத 18இல் என்னை விடாமல் பிடித்திருப்பது 44. செத்த வீட்டுப் படம். பெட்டியைச் சுற்றி இருபது பேர், எல்லாரும் கமராவைப் பார்க்க, ஓரத்தில் நிற்கும் ஒருத்தி மட்டும் வாசலைப் பார்க்கிறா. பின்னால் "திருக்கோவில், மட்டக்களப்பு" என்று இருக்கிறது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்தியதாக இருக்கலாம், பழக்க தோஷத்தில் பிறகு எழுதியதாகவும் இருக்கலாம். பெரியம்மா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவ நம்மட குடியில்ல" என்றா. அப்படியென்றால் மாமன்மார் யாரோ ஒருவர் கட்டிய இடத்துப் பெண். திருக்கோவில் பக்கம் கலியாணம் முடித்துப் போன மாமா ஒருவர் இருந்தாராம், பெயர் அம்மாவுக்கு நினைவில்லை.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு எப்படியும் திருக்கோவிலுக்குப் போவோம். 44ஐ எட்டுக்குப் பத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன். பேணியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, வெறும் பேணியாக. அதற்குள் இப்போது பெரியம்மா ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறா.