மூன்று பேர், இரண்டு வாக்குச் சீட்டு

2018 அக்டோபர் 22. கனடாவில், டொராண்டோ மாநகரின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வாக்குச் சாவடியில் நானும் கணவரும் வாக்களித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். குடியுரிமை கிடைத்த பிறகு எனக்கு அதுதான் முதல் மாநகரத் தேர்தல். வீட்டு வாசலில் கார் நின்றபோது சும்மா கேட்டேன், "கல்விச் சபைக்கு ஆருக்குப் போட்டனீங்கள்?" பள்ளிகளை நடத்தும் சபைக்கான உறுப்பினரைத்தான் கேட்டேன். அவர் சொன்ன பெயர் என் சீட்டில் இருக்கவே இல்லை. நான் சொன்ன பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஒரே வீடு, ஒரே சாவடி, ஒரே வரிசையில் நின்று வாங்கிய சீட்டு.

சீட்டு மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மாறவில்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விச் சபைகள் நான்கு வகை: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்கம், பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்கம். கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான உரிமை 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. டொராண்டோவில் மேயர், நகரசபை உறுப்பினர், கல்விச் சபை உறுப்பினர் மூன்றுக்கும் ஒரே சீட்டு. அதில் கல்விச் சபைப் பகுதி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே எந்தச் சபை பதிவாகியிருக்கிறதோ அதற்குரிய சீட்டைத்தான் அலுவலர் எடுத்துத் தருவார். நாமாக ஒன்றும் பதியாவிட்டால் ஆங்கிலப் பொதுச் சபை.

என் கணவர் மன்னார் கத்தோலிக்கர். நான் சைவம். வீடு வாங்கிய நேரத்தில் வந்த ஒரு படிவத்தில் கத்தோலிக்கரா என்று கேட்டிருந்ததால், ஆம் என்று போட்டு அனுப்பிவிட்டார். சமயத்தைக் கேட்கிறார்கள் என்றே நினைத்திருக்கிறார். எங்கள் பிள்ளைகள் இருவரும் படிப்பது பொதுப் பள்ளியில். அதாவது பிள்ளைகளுக்குத் தொடர்பே இல்லாத சபைக்கு அவருடைய வாக்குப் போயிருக்கிறது.

இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. மகனுக்குப் பேச்சு வரத் தாமதமானது. விசேட கல்வி வகுப்புக்காக அலைந்த நாட்களில்தான், அப்போது சபையின் வரவுசெலவை முடிவு செய்தவர்கள் இந்த உறுப்பினர்கள் என்பதை உணர்ந்தேன். பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று வாக்களித்தவர்களும் அவர்களே. நம் ஆட்கள் பலர் மேயருக்கு மட்டும் குறியிட்டு மற்றதை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அடுத்த தேர்தல் 2022இல். இந்த முறை முன்கூட்டியே தொடங்கினோம். யார் எந்தச் சபைக்கு என்ற பள்ளி ஆதரவுப் பதிவை அப்போது பார்த்தது எம்பாக் என்ற சொத்து மதிப்பீட்டுக் கூட்டுத்தாபனம். கத்தோலிக்கர் விரும்பினால் பொதுச் சபைக்கு மாறலாம். ஆனால் கத்தோலிக்கர் அல்லாத நான் ஆங்கிலக் கத்தோலிக்கச் சபைக்கு மாற முடியாது, கணவர் கத்தோலிக்கராக இருந்தாலும். கணவர் படிவத்தை நிரப்பிக் கோடை விடுமுறைக்கு முன்பே அனுப்பினார். செப்டம்பரில் வாக்காளர் பட்டியலில் திருத்தம் பதிந்திருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தோம். இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு நிம்மதி.

2022 தேர்தல் நாள் அக்டோபர் 24. அன்றைக்கே தீபாவளி. அதனால் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் முன்கூட்டிய வாக்களிப்புக்குப் போனோம். மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்கள் வட்டாரத்திலேயே முதியோர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறார். அவருடைய பதிவைப் பற்றிக் கேட்டபோது, "நான் மாத்தமாட்டன் பிள்ளை, என்ரை வாக்கு கத்தோலிக்கச் சபைக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். சரி, அது அவர் உரிமை.

வாக்காளர் தகவல் அட்டை வீட்டுக்கு வரும். அதை மட்டும் கொண்டுபோனால் போதாது. பெயரும் முகவரியும் உள்ள ஓர் ஆவணம் வேண்டும், படம் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. உதவிக்கு ஒருவரை வாக்களிக்கும் மறைவிடத்துக்கு அழைத்துப் போகலாம், ஆனால் உதவுபவர் இரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். அதனால் மாமி யாருக்குப் போட்டார் என்பதை இங்கே எழுதமாட்டேன், கணவரிடமும் சொன்னதில்லை.

சீட்டில் பெயர்களைத் தேடும்போதுதான் ஒன்று புரிந்தது. சட்டப்படி பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகர வரிசையில்தான் அச்சாகும். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் அப்பாவின் பெயர்தான் அந்த இடத்தில் இருக்கும். சொந்தப் பெயரால் ஊரெல்லாம் தெரிந்த ஒருவர் சீட்டில் எதிர்பாராத இடத்தில் இருப்பார். தொழில், பட்டம், கௌரவம் எதையும் போட முடியாது. 'டொக்டர்', 'ஆசிரியர்' என்றெல்லாம் தேடினால் கிடைக்காது. கட்சியின் பெயரும் இல்லை. இரண்டு வேட்பாளர்களின் பெயர் குழப்பம் தரும் அளவுக்கு ஒன்றாக இருந்தால் மட்டும் முகவரியையும் சேர்த்துப் போடுவார்கள். ஆகவே முழுப் பெயரையும் வீட்டிலேயே ஆங்கிலத்தில் எழுதி மனதில் பதித்துக்கொண்டு போவது நல்லது.

பெயருக்கு வலப்பக்கம் உள்ள இடத்தை நிரப்ப வேண்டும். நான் கல்விச் சபைப் பகுதியில் ஒரு வரி தவறி வேறொருவருக்கு நேரே நிரப்பிவிட்டேன். பதற்றத்தில் அதை வெட்டிவிட்டுச் சரியான பெயருக்கும் நிரப்பினேன். இயந்திரம் சீட்டைத் திருப்பித் தள்ளியது. அந்தப் பகுதியில் இரண்டு குறி இருக்கிறது என்று அறிவிப்பு. அப்படியே ஏற்றுக்கொண்டால் மேயருக்கும் நகரசபைக்கும் போட்டது எண்ணப்படும், கல்விச் சபை வாக்கு மட்டும் போகும். எதற்காக வந்தேனோ அதுவே போய்விடும். புதிய சீட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். அலுவலர் முகம் சுளிக்காமல் பழையதை இரத்துச் செய்துவிட்டு இன்னொன்று தந்தார். வெட்டித் திருத்தாதீர்கள், கேட்டு வாங்குங்கள். அது நம் உரிமை.

தீபாவளி இரவு எட்டு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. பலகாரத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு முடிவுகளுக்காக இருந்தோம். கணவரும் நானும் இந்த முறை ஒரே பெயர்ப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமி பக்கத்தில் உட்கார்ந்து, "என்ரை சபையின்ரை முடிவையும் ஒருக்கால் எடுத்துக் காட்டு" என்றார்.