மூன்றாம் துளையும் ஒன்பதாவது பாரும்

சி கீ மவுத் ஆர்கனில் ஜி ப்ளூஸ் வாசிக்கும்போது கார்ட், அதாவது கூடவே கிதாரில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்பு, மாறினால் என்ன செய்வது என்று புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்பார்கள். வாத்தியத்தை மாற்ற வேண்டியதில்லை. எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறோம் என்பதுதான் மாற வேண்டும்.

பத்துத் துளை வாத்தியத்தில் ப்ளூஸ்காரர்கள் பெரும்பாலும் செகண்ட் பொசிஷனில்தான் இருப்போம்; வாத்தியத்தின் கீக்கு ஐந்தாவது ஸ்வரத்தை மையமாக வைத்து வாசிப்பது அது, சி கீயில் ஜி. 1952-இல் மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டர் பதிவு செய்த 'ஜூக்'கும் அதுதான். முதல் நான்கு துளைகளிலும் சேர்த்து மூச்சை உள்ளே இழுத்தாலே ஜி கார்ட் வந்துவிடும். நன்றாக பெண்ட் ஆகும் (நாக்கை அசைத்துக் கீழே இறக்கக்கூடிய) ஸ்வரங்களும் அந்தப் பக்கம்தான்.

ப்ளூஸில் ஒரு சுற்று 12 பார், அதாவது 12 தாளப் பகுதிகள். அதில் முதல் நான்கும் ஜி7 கார்ட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவதில் சி7 வரும். மூன்றாம் துளையைச் சும்மா இழுத்தால் பி. ஜி7-இல் அது பொருந்தும், சி7-இல் உறுத்தும். கிதாரில் அப்போது பி ஃபிளாட் ஒலிக்கிறது. நான்காவது பாரில் அந்தத் துளையை மெல்ல பெண்ட் செய்து, பி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். ஐந்தாவது பார் விழும் நொடியில் நாக்கை இன்னும் சற்றுப் பின்னுக்கு வாங்கி பி ஃபிளாட்டுக்கே இறக்குங்கள். துளை அதேதான், மூச்சும் அதேதான். ஆனால் கார்ட் மாறியது கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். இந்த ஓர் அசைவுக்காகவே இந்த வாத்தியத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சி7 ஓடும் இரண்டு பாரும் ஃபர்ஸ்ட் பொசிஷன்தான், அதாவது வாத்தியத்தின் சொந்தக் கீயான சி-தான் மையம். எந்தத் துளையை ஊதினாலும் சி கார்டின் ஸ்வரம். (ப்ளூஸ் கலைஞர் ஜிம்மி ரீட் 8, 9, 10 துளைகளை ஊதி பெண்ட் செய்வதைக் கேளுங்கள். சி கீயில் அது கீச்சிடும், ஏ கீயில் இதமாக இருக்கும்.)

ஒன்பதாவது பாரில் டி7. அங்கே நாம் டி-யை மையமாகக் கொண்ட தேர்ட் பொசிஷனுக்கு வந்துவிடுகிறோம். 4, 5, 6 துளைகளைச் சேர்த்து இழுத்தால் டி மைனர். கிதாரிலோ எஃப் ஷார்ப். அதனால் ஐந்தாம் துளையின் எஃப்-ஐத் தொட்டுவிட்டு நகர்ந்தால் அருமையான ப்ளூஸ், அதிலேயே நின்றால் மோதல். எஃப் ஷார்ப்தான் வேண்டுமென்றால் இரண்டாம் துளையை இழுத்து அரை ஸ்வரம் இறக்கலாம்; அது எஃப் வரை சரியப் பார்க்கும், பிடித்து நிறுத்தப் பொறுமை வேண்டும்.

ஒரே ப்ளூஸ் ஸ்கேலை 12 பாருக்கும் வாசித்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் மூன்றாவது சுற்றில் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்க ஆரம்பித்துவிடும். அதனால் கடைசி நாலு பாரை மட்டும் தனியாக எடுத்துப் பழகச் சொல்வேன். ஒன்பதில் நான்காம் துளையை இழுத்தால் டி. பத்தில் அதையே ஊதினால் சி. பதினொன்றில் இரண்டாம் துளையை இழுத்தால் ஜி. பன்னிரண்டில் டி7 திரும்ப வந்தால் முதல் துளையை இழுத்து நில்லுங்கள். கார்ட் மாற்றம் இதிலேயே துலக்கமாகக் கேட்கும். மற்ற ஸ்வரங்களை அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.